ராகுகாலத்தில் திறந்த முன்பதிவு

அன்பு மகள் குந்தவைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளா வேளைக்குச் சாப்பிட்டு, சாப்பாட்டைவிட அதிகமாக மாத்திரையையும் விழுங்கி, நல்லபடியாக இருக்கிறோம். அங்கே டப்ளின் குளிரிலும் மழையிலும் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் அண்டாமல் இருக்க வைத்தீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனில் பேசுகிறவள் இத்தனை பக்கம் கடிதம் எழுதுவானேன் என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் நான் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நான் ஒன்று சொன்னால் அதற்கு இரண்டு திருத்தம் சொல்கிறார். இதில் எழுதியிருப்பதை அவர் எதிரில் சொல்ல முடியாது. தெருமுனைக் கடை ஜலீல் பாயின் மருமகன் ஃபாஜில் வேலை கிடைத்து உங்கள் ஊருக்கே வருகிறார், அவரிடம் மணத்தக்காளி வற்றலும் அப்பளமும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதுவும் வரும். வற்றலைப் பிரிப்பதற்கு முன் கடிதத்தைப் பிரித்துப் படி.

போன மாதம் நீ இரண்டு கேள்வி கேட்டாய். புது எலெக்ட்ரிக் பைக்கை ஆன்லைனில் புக் பண்ணிவிட்டீர்களா என்பது ஒன்று. நிலத்தைத் தங்கமணியிடம் குத்தகைக்கு விட்டாயிற்றா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நான் மழுப்பினேன். உனக்கு அவை இரண்டு கேள்வி, எனக்கு ஒன்றுதான். மாசி மாதம் அப்பாவுக்கு வலது கண்ணில் ரத்தம் கசிந்து, இடது கண்ணும் நிழல் மட்டும்தான் காட்டும் என்று ஆனபோது, இனிமேல் வண்டிச் சாவியைத் தொடவே கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார் அல்லவா, அன்றைக்குப் பைக்கைக் கொட்டகையில் நிறுத்தியவர் பிறகு வயல் பக்கம் போகவே இல்லை. நாலு கிலோமீட்டர் நடக்க முட்டி விடாது. ஆட்டோ பிடித்து வயலுக்குப் போனால் ஊர் சிரிக்குமாம். ஜலீல் பாய் தன் வண்டியில் கூட்டிப்போக வந்தபோது, "என்னை என்ன நெல்லு மூட்டைன்னு நெனச்சீங்களா பாய்" என்று அனுப்பிவிட்டார். நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அதற்கு, "நீ தாராளமா ஓட்டு, யாரு வேணாம்னா, ஆனா உன் பின்னாடி உக்காந்துதான் நான் வயலுக்குப் போகணும்னா அந்த வயலே எனக்கு வேணாம்" என்றார். குறுவை போடவில்லை, மூன்று ஏக்கரும் தரிசாகக் கிடந்தது. சம்பாவும் போய்விடக் கூடாதே என்று அடுத்த வயல்காரர் தங்கமணி குத்தகைக்குக் கேட்டு வந்தார், ஆடி பிறப்பதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார். நீயும், "விட்டுடுங்கம்மா, பட்டது போதும்" என்றாய். நீ சொன்னதும் பிரியத்தில்தான். ஆனால் நிலமும் கைமாறிவிட்டால் உன் அப்பா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது, குந்தவை. காலையில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிட எழுந்திருப்பார், திரும்ப அதே நாற்காலி. சட்டை போடுவதைக்கூட விட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. வண்டி வண்டி என்று நான் அலைந்ததெல்லாம் அந்தப் பயத்தில்தான், ஏதோ இந்த வயதில் எனக்குச் சவாரி ஆசை வந்துவிட்டது என்று நீயும் மாப்பிள்ளையும் சிரித்தீர்கள்.

ஆசையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. வைகாசிக் கடைசியில் அந்த வண்டியை அறிவித்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பேரு ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும், வாயில் நுழையவில்லை, நான் பச்சை வண்டி என்றுதான் சொல்வேன். நாற்று பிடுங்குகிற பருவத்தில் இருக்குமே, அந்தப் பச்சை. உதைக்க வேண்டாம், கியர் இல்லை, கால் வைக்கிற இடம் உரச்சாக்கு நிற்கிற அளவுக்கு அகலம். ஆசனம் தாழ்வு, என்னைப் போல ஐந்தடிக்குள் இருக்கிறவளுக்கும் இரண்டு காலும் தரையில் படும். பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வழக்கமாக ஒரு கம்பி வைப்பார்கள், இதில் முழுசாக மூடி போட்டிருக்கிறான். பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு, பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி, கால் வைக்கப் பலகை. இதையெல்லாம் யோசித்தவர்களில் சேலை கட்டுகிற ஒருத்தியும், முட்டி வலிக்காரர் ஒருவரும் கட்டாயம் இருந்திருக்க வேண்டும். மனசார மெச்சினேன். ஒரே ஒரு குறை, அந்த வீடியோவில் வண்டி ஓட்டுகிற பெண் மலை மேலே ஏறுகிறாள், கடற்கரையில் நிற்கிறாள், ஒரு இடத்திலும் ஒரு மஞ்சப்பைகூட எடுத்துப் போகவில்லை. அப்படி வெறுங்கையோடு எந்தப் பெண்பிள்ளை வண்டியில் போகிறாள்?

நீ உடனே வாட்ஸ்அப்பில் பெரிய பட்டியல் அனுப்பினாய். புதிதாக வரும் எதையும் முதல் வருஷம் வாங்காதே, கடை இல்லை ஆன்லைன் மட்டும்தான், ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள், நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும் என்பதை நம்பாதே, மழையில் என்ன ஆகும், சார்ஜ் எங்கே போடுவாய் என்று. உன் அம்மா முப்பத்தொரு வருஷம் விதை வாங்கியவள். விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கிற மகசூலை நம்பியா நாம் நெல் கொட்டப் பத்தாயம் கட்டினோம்? அவன் சொன்னதில் பாதி என்று அன்றைக்கே வைத்துக்கொண்டேன். பாதி ஓடினாலும் வயலுக்கு ஒரு வாரம் போய் வரலாம். சார்ஜ் விஷயத்தில் மட்டும் அசடு வழிந்தேன். மோட்டார் கொட்டகையில் போட்டுக்கொள்ளலாம், விவசாயக் கரண்ட் இலவசம்தானே என்று உன்னிடம் பெருமையடித்தேனே, லைன்மேன் தமிழரசன் காதில் அது விழுந்து, "அக்கா, பம்புசெட்டுக்குன்னு குடுத்த கரண்ட்ல வண்டி ஓட்டுனீங்கன்னா கனெக்‌ஷனையே புடுங்கிட்டுப் போயிருவாங்க, அப்பறம் வண்டியிலதான் தண்ணி எறைக்கணும்" என்று சிரித்துவிட்டுப் போனார். அதனால் வீட்டில்தான். பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்து வரலாம், பதினோரு கிலோவாம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மூன்று தெரு நடந்தவளுக்கு அது ஒரு கனமா?

ஆனால் பார்க்காமல் வாங்குவது எனக்கும் உறுத்தியது. நெல்லென்றால் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்போம், போனில் தெரிகிற படத்தை எப்படிக் கடிப்பது? விதை நன்றாக இருக்குமா என்று தெரிய வேண்டுமானால் விற்கிறவனைக் கேட்கக் கூடாது, போன பட்டத்தில் அதைப் போட்டவன் வயலில் போய் நிற்க வேண்டும். அந்த வீடியோவுக்குக் கீழே சீர்காழி லூர்துராஜ் என்று ஒருவர், இதே கம்பெனியின் பழைய மாடலை ஒன்றரை வருஷமாக வைத்திருக்கிறோம், தங்கம் என்று எழுதியிருந்தார். நான் குத்தாலம் பக்கம், நேரில் வந்து பார்க்கலாமா என்று தட்டுத் தடுமாறித் தமிழில் போட்டேன், மனிதர் நம்பரையே கொடுத்துவிட்டார். மறுநாளே மாயவரம் போய் பஸ் மாறிச் சீர்காழி போனேன். அப்பாவிடம் சட்டைநாதரைக் கும்பிடப் போகிறேன் என்றேன், கும்பிட்டும் வந்தேன், பொய்யில்லை. லூர்துராஜ் வண்டியைப் பற்றி அரை மணி நேரம் புகழ்ந்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் அதைத் துடைக்கிறதோடு சரி, தினமும் ஓட்டுகிறவள் அவர் மனைவி இருதயம்மாள். ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் அடுப்படியிலிருந்தே, "அவருகிட்ட கேக்காதீங்கக்கா, என்கிட்ட கேளுங்க" என்றாள். அப்படிக் கேட்டேன் பார், அதுதான் கேள்வி. மழை பெய்தால் முன்னால் வேகம் காட்டுகிற திரை வேர்த்துப் போய் ஒன்றும் தெரியாதாம். ஹாரன் பூனைக்குட்டி மாதிரியாம், மாடு திரும்பிக்கூடப் பார்க்காதாம். போன கார்த்திகை வெள்ளத்தில் வாசலில் சக்கரம் முழுக இரண்டு நாள் நின்றதாம், மூன்றாம் நாள் துடைத்துவிட்டு ஓட்டிப் போயிருக்கிறாள். ஒரு தடவை பிரேக் சத்தம் போட்டதற்குப் போன் பண்ணினால், நாலாம் நாள் திருச்சியிலிருந்து வேனில் ஆள் வந்து வாசலிலேயே சரி செய்தானாம். நாலு நாள் தாமதம்தான், ஆனால் வந்தானே. விற்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாத கம்பெனி என்று எனக்கு அங்கேயே மதிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் என்னை மாதா கோயில் மைதானத்துக்குக் கூட்டிப்போய் வண்டியைக் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்த பழக்கம் இருக்கிறது, அது போதும் என்றாள். முதலில் கைப்பிடியைத் திருகியதும் அது ஒரு குதி குதித்தது, நான் "முருகா" என்று கத்தினேன், அவள் "மாதாவே" என்று கத்திக்கொண்டு பின்னால் பிடித்தபடி ஓடி வந்தாள். மூன்றாவது சுற்றில் பிடியை விட்டுவிட்டாள், எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது சுற்றில் நானே சிரித்துக்கொண்டு ஓட்டினேன். ஐம்பத்தாறு வயசில் காற்று முகத்தில் அப்படி அடித்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்று உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்போதே தீர்மானம் பண்ணிவிட்டேன். இந்த வண்டியே இப்படியென்றால் இதன் குறையெல்லாம் பார்த்துச் செய்த பச்சை வண்டி எப்படி இருக்கும்! வாங்கிவிடுவோம், வந்து வாசலில் நின்றால் அந்தத் திண்டையும் கைப்பிடியையும் தடவிப் பார்த்தாவது மனிதருக்கு ஏறி உட்காரத் தோன்றும் என்று கணக்குப் போட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் போனில் சொல்ல முடியாதது. ஆனி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை சரியாக மூன்று மணிக்கு முன்பதிவு திறக்கும், முதல் ஆயிரம் பேருக்கு ஆவணியில் வண்டி, மற்றவர்களுக்குத் தை மாதம் என்று அறிவித்திருந்தான். ஆவணியில் வந்தால் நாற்றங்காலுக்குச் சரியாக இருக்கும், தையில் வந்தால் அறுவடையை வேடிக்கை பார்க்கலாம். இரண்டே முக்காலுக்கே நான் முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு போனோடு உட்கார்ந்துவிட்டேன். பேரு, விலாசம், பின்கோடு எல்லாம் போட்டாயிற்று, முன்பணம் கட்டப் பொத்தானை அமுக்கினால் ஓடிபி போட வேண்டும் என்கிறது. பேங்க் கணக்கு அப்பா நம்பரில் அல்லவா இருக்கிறது, ஓடிபி அவர் போனுக்குப் போய் டிங் என்றது. கேட்டால், "மணி மூணு அஞ்சு. செவ்வாக்கிழமை மூணுலேர்ந்து நாலரை ராகுகாலம். ஓட்டப்போறவ நீ, ராகுகாலத்துல ஆரம்பிக்க நான் விட மாட்டேன்" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார். அன்றைக்கென்று பார்த்துச் சட்டை போட்டிருந்தார் மனிதர். ஆயிரம் பேர் முந்திக்கொள்வார்கள் என்றேன், ராகுகாலத்தில் எவன் வண்டி வாங்குவான் என்றார். இந்தியா முழுக்க ராகுகாலம் பார்க்க மாட்டார்கள் என்றேன், பார்க்காதவன் படுவான் என்றார். அந்த எண்ணை அவரால் படிக்கவும் முடியாது, எனக்குப் படிக்கக் கொடுக்கவும் மாட்டார். பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கவில்லை என்று கேட்காதே. இந்த வீட்டில் அவர் கையில் இருக்கிற அதிகாரம் இப்போது அந்தச் சட்டைப்பை அளவுதான், அதிலும் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் எனக்கும் பயம் என்று வைத்துக்கொள், முப்பத்தொரு வருஷமாக ராகுகாலத்தில் ஒரு வாழைக்கன்றுகூட வைத்ததில்லை. நாலு முப்பத்தொன்றுக்கு அவரே பித்தானைக் கழற்றிப் போனை நீட்டினார். புது ஓடிபி வந்தது, போட்டேன். நன்றி, உங்கள் வண்டி தை மாதம் என்று வந்தது. முதல் ஆயிரமும் மூன்றேகாலுக்கே தீர்ந்துவிட்டதாம்.

அதன்பிறகு மூன்று வாரம் நான் உன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி வைப்பேன், டம்ளர் சத்தம் கேட்கிறமாதிரி வைப்பேன், அவ்வளவுதான். போனில் உன்னோடு நான் கலகலவென்று பேசியதெல்லாம் நடிப்பு. இருதயம்மாளுக்குப் போன் செய்து புலம்பினேன். அவள் தானும் புக் பண்ணியதாகவும் மூன்று ஐந்துக்கே முதல் ஆயிரத்துக்குள் கிடைத்துவிட்டதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுக்கு ஏது ராகுகாலம்! சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அழுதேன், சொல்வதற்கென்ன. குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை தங்கமணி பதில் கேட்டு வந்தார். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். "என்னண்ணே முடிவு பண்ணீங்க, நாளைக்கே உழவு ஓட்டிடலாமா" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "தப்பா நெனச்சுக்காத தங்கமணி. இந்த வருஷம் சம்பா நாங்களே போடுறோம். அவ வண்டி ஓட்டுவா, நான் பின்னாடி உக்காந்துக்குவேன்" என்றார். கையிலிருந்த பால் பாத்திரத்தை நான் எப்படிக் கீழே போடாமல் வைத்தேன் என்று தெரியவில்லை. தங்கமணி பெரிய மனசுக்காரர், முகம் சுளிக்கவில்லை. "ரொம்ப நல்லதுண்ணே, நடவுக்கு ஆளு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று காபி குடித்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் நான் மூன்று வாரக் கோபத்தையும் மறந்து, எந்த வண்டி, யார் வண்டி என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமை வரும் என்றார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

இருதயம்மாள்தான் பிற்பாடு சொன்னாள். நான் போனில் புலம்பியதையெல்லாம் நாற்காலியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஜலீல் பாயிடம் என் போனிலிருந்து நம்பரை எடுக்கச் சொல்லி, அவர் கடையில் உட்கார்ந்து அவளுக்குப் பேசியிருக்கிறார். முன்பின் தெரியாத பெண்ணிடம், "அம்மா, என் பிடிவாதத்தால என் சம்சாரத்துக்கு வண்டி தவறிப்போச்சு. அவ தூக்கத்துலயும் அந்த வண்டியைப் பத்தித்தான் பேசுறா. உங்களுக்குப் புதுசு வந்தா பழசை எங்களுக்குத் தரணும்" என்றாராம். முப்பத்தொரு வருஷத்தில் தப்பு என்னுடையது என்று ஒரு தடவை அவர் வாயால் வந்திருக்கிறது, அதுவும் என்னிடம் இல்லை, சீர்காழியில் யாரோ ஒருத்தியிடம்! ஆனால் இருதயம்மாளைப் பார். புதுசு ஆவணியில்தானே வருகிறது, அதுவரைக்கும் நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், உழவுக்கும் நாற்றங்காலுக்கும் இப்போதே வேண்டுமே என்று சொல்லி வண்டியை உடனே கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். எனக்கு அவள் உறவா, பங்காளியா? விலையை இவரும் லூர்துராஜும் பேசி முடித்துக்கொண்டார்கள், நீ ஒன்றும் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை லூர்துராஜே அதை ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தும் பேட்டரியில் பாதி மீதி இருந்தது, நான் வைத்த பாதிக் கணக்கு சரியாகத்தான் வந்தது. அவர் வந்தபோது மணி ஐந்தே கால். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம் என்று உனக்கே தெரியும். உன் அப்பா மணி என்ன என்று கேட்கவே இல்லை. அந்தத் திரைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும், மாட்டுக்குக் கேட்கிறமாதிரி ஒரு ஹாரனும் லூர்துராஜ் தாமே மாட்டிக்கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்.

நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், எல்.எல்.ஆர். சீர்காழியிலிருந்து வந்த வாரமே போட்டாயிற்று, இரண்டு ஹெல்மெட்டும் வாங்கியாயிற்று. பழகுகிற ஆள் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாதாம், சொல்லிக்கொடுக்க லைசென்ஸ் உள்ளவர் மட்டும் உட்காரலாமாம். டிரைவிங் ஸ்கூல்காரர் இதைச் சொன்னதும் உன் அப்பாவுக்கு முகத்தில் வந்த களையை நீ பார்த்திருக்க வேண்டும். "என் லைசென்ஸு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். ஆகவே சட்டப்படி அவர் என் வாத்தியார். கண் தெரியாத வாத்தியாரை வைத்துக்கொண்டு நான் மெயின் ரோட்டுக்கெல்லாம் போக மாட்டேன், வாய்க்கால் கரையோடு சரி, பயப்படாதே. வண்டி வந்த மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். தெருவே வாசலில் நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, போ என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் வாய் ஓயவில்லை. பாலம் வருது மெதுவா போ, இடது பக்கம் பள்ளம், அடுத்த வளைவில் மாடு கட்டியிருப்பான் என்று வழி பூராவும் ஒப்பித்துக்கொண்டே வந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. பழைய பைக்கில் அவர் பின்னால் நான் உட்கார்ந்து போனபோது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, கத்திக் கத்திச் சலித்து நான் வாயை மூடிக்கொள்வேன். இந்த வண்டியில் அவர் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது. நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

நம் வயலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, "நிறுத்து, நிறுத்து" என்றார். பயந்துவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன். இறங்கவில்லை, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தண்ணி வந்துருச்சு. தங்கமணி மடையில விழுது, கேக்குதா? நம்ம மடையில சத்தம் இல்லையே, அடைச்சிருக்கு" என்றார். எனக்குக் கரையில் இருந்த கோரைதான் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்கால் வரை வந்திருக்கிறது, தங்கமணி வயலுக்குப் பாய்கிறது, நம் மடைக் குழாய் வாயில் ஆகாயத்தாமரை பந்தாக அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நான் எடுக்கிறேன் என்பதற்குள் உன் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் காலால் தடவித் தடவி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கையை விட்டு அதை இழுத்துப் போட்டார். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. சேறும் பாசியுமாக நின்றுகொண்டு, "இந்த வண்டி சத்தம் போடாதது நல்லதாப் போச்சுடி" என்றார். படபடவென்று அடிக்கிற அந்தப் பழைய பைக்கில் வந்திருந்தால் அவருக்கு இது கேட்டிருக்குமா? நூற்றைம்பது கிலோமீட்டர், அகலப் பலகை, திண்டு என்று அந்தக் கம்பெனிக்காரன் என்னென்னமோ பெருமை சொன்னான், இந்த ஒன்றைச் சொல்ல அவனுக்கே தெரியவில்லை. நான் என் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கரையில் நின்று அழுதேன், உள்ளே அழுதால் வெளியே தெரியாது, அதுவும் ஒரு வசதி.

ஆகவே உன் இரண்டு கேள்விக்கும் பதில். நிலம் குத்தகைக்கு இல்லை. உழவு ஓட்டியாயிற்று, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஆடிப்பட்டம் பார்த்துத் தழை உரத்துக்குச் சணப்பை விதைத்திருப்போம், ஆவணியில் நாற்றங்கால். பச்சை வண்டியின் பதிவை நான் ரத்து செய்யவில்லை. நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தை மாதத்துக்குள் முதல் ஆயிரம் பேர் ஓட்டி அதன் குறை நிறையெல்லாம் தெரிந்திருக்கும், இருதயம்மாள் ஒளிக்காமல் சொல்வாள், அப்போது வாங்குவதா விடுவதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒருவிதத்தில் நீ சொன்னபடி முதல் லாட்டில் வாங்காததும் நல்லதுக்குத்தான் என்று படுகிறது. இதை மட்டும் உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, பஞ்சாங்கத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, வேலை வேலை என்று அலையாமல், சூடாகச் சமைத்துச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று இருவரும் மனசார வாழ்த்துகிறோம். ஃபாஜில் புது ஊரில் தனியாக இருப்பார், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாடு போடு. கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. அடுத்த தடவை போன் செய்யும்போது கண் எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு என்று அப்பாவிடம் ஆரம்பிக்காதே. தண்ணீர் எதுவரை பாய்ந்திருக்கிறது அப்பா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனந்தவல்லி பஞ்சநதம்